பழைய படமும் இன்றைய முகமும்: வயதேறும் முகங்களைக் கணினி அடையாளங்காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தில் இயந்திரக் கற்றல் படிக்கும் மாணவர்கள் கேட்டவை ஒரு பாதி. இருபது, முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் கொம்பியூட்டரில் போட்டுத் தேடலாமாம், மெய்தானா?" என்று குடும்பத்தவர்கள் கேட்டவை மறு பாதி. கணிதம் வேண்டாதவர்கள் மூன்றாம், நான்காம் கேள்விகளைத் தாண்டிப் போகலாம். ஆறாம், ஏழாம் கேள்விகளை மட்டும் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. வயது போகப் போக முகத்தில் என்னதான் மாறுகிறது?

பிள்ளைக்கு மாறுவது வேறு, பெரியவருக்கு மாறுவது வேறு. இந்த வித்தியாசம் விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

பிள்ளையின் முகத்தில் எலும்பே வளர்கிறது. பிறந்த குழந்தைக்கு மண்டை பெரிது, முகம் சின்னது. வளர வளர நாடி கீழேயும் முன்னாலும் தள்ளி வருகிறது, மூக்குத்தண்டு எழும்புகிறது, நெற்றி சாய்கிறது. பெரிதாக இருந்த கண்கள் முகத்தோடு ஒப்பிடச் சிறுத்துத் தெரிகின்றன. இந்த வளர்ச்சியில் ஓர் ஒழுங்கு உண்டு. 1975இல் பிட்டெங்கர், ஷா என்ற இரு உளவியலாளர்கள், பக்கவாட்டாக வரைந்த ஒரு தலையின் கோட்டை ஒரேயொரு கணித உருமாற்றத்தால் நீட்டியும் சுருக்கியும் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அதே தலை குழந்தையாகவும் பெரியவராகவும் தெரிந்தது. ஆனால் அது பொதுவான ஒழுங்கு. குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் நாடி எவ்வளவு நீளும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இருபது வயதுக்குப் பிறகு எலும்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குப் பிறகு மாறுவது தோலும் கொழுப்பும். கொலாஜன் குறைந்து தோல் தளர்கிறது, கன்னக் கொழுப்பு இறங்குகிறது, உதடு மெலிகிறது, மூக்கு நுனி தாழ்கிறது, காது நீள்கிறது. முதுமையில் எலும்பும் திரும்ப மாறத் தொடங்கும்: கண்குழி அகலும், தாடை சுருங்கும். பல் விழுந்தவருக்குத் தாடை இன்னும் வேகமாகச் சுருங்கும். வெயில் தோலைச் சீக்கிரம் முதுமையாக்கும் என்பதால் குருநகரிலோ பாசையூரிலோ கடலில் நின்று தொழில் செய்த ஐம்பது வயதுக்காரரின் முகமும், அவரோடு ஒரே வகுப்பில் படித்துவிட்டு ஒஸ்லோவில் அலுவலகத்தில் இருந்தவரின் முகமும் ஒரே வேகத்தில் மாறியிருக்காது. உடம்பு மெலிதல், நோய், காயம், எரிகாயம் எல்லாம் இதற்கு மேலே வந்து சேரும்.

2. கணினி முகத்தைப் பார்ப்பது எப்படி?

படத்தில் முகம் எங்கே என்று முதலில் கண்டுபிடிக்கும். பிறகு இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி ஒரு சின்னச் சதுரமாக வெட்டும். இன்று பரவலாகப் பாவிக்கும் பல மாதிரிகளில் அந்தச் சதுரம் 112க்கு 112 பிக்சல், அவ்வளவுதான். அதை நரம்பியல் வலையமைப்புக்குள் (நிறையப் படங்களைப் பார்த்துக் கற்ற ஒரு நிரலுக்குள்) அனுப்பினால் பெரும்பாலும் 512 எண்கள் கொண்ட ஒரு காவி (வெக்டர், அதாவது நீளமும் திசையும் உள்ள ஓர் எண் வரிசை) வெளியே வரும். இரண்டு படங்களின் காவிகளுக்கு இடையிலான கோணம் சிறிதென்றால் ஒரே ஆளாக இருக்கக்கூடும், பெரிதென்றால் வேறு ஆட்கள். கோணம் எந்த அளவுக்குக் கீழே இருந்தால் "ஒரே ஆள்" என்று சொல்வது என்ற எல்லைப் பெறுமானத்தை மனிதர்தான் வைக்கிறார். இதை மறக்கக்கூடாது. கணினி "இவர்தான்" என்று சொல்வதில்லை, ஓர் எண்ணைச் சொல்கிறது.

3. பழைய முறைகள் வயதில் ஏன் தடுமாறின?

1991இல் அமெரிக்காவின் எம்ஐடியில் டர்க்கும் பென்ட்லாண்டும் செய்த ஐகன்ஃபேஸ் முறை, முகப் படங்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு முகமும் எந்தத் திசைகளில் எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டது. நேரியல் அட்சரகணிதம் படித்தவர்களுக்கு ஐகன் காவி என்றால் பாதி விளங்கிவிடும். படங்களுக்கு இடையில் எது அதிகம் மாறுகிறதோ அதைத்தான் அந்த முறை பிடித்துக்கொள்ளும். அதிகம் மாறுவது பெரும்பாலும் வெளிச்சம், தலை திரும்பிய கோணம், வயது. ஆளின் அடையாளம் அவற்றுக்குள் அமுங்கிப் போனது.

பிறகு பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உள்ளக இரும வடிவ முறை, ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள பிக்சல்களோடு ஒப்பிட்டுத் தோலின் நுண் அமைப்பைப் பிடித்தது. வெளிச்சம் மாறினாலும் அது தாக்குப்பிடித்தது. ஆனால் சுருக்கம் விழும்போது மாறுவதே அந்த நுண் அமைப்புத்தானே.

4. இப்போதைய முறைகள் வயதை எப்படிக் கையாள்கின்றன?

மூன்று போக்குகள் உண்டு.

முதலாவது, வயதுக்கென்று தனியாக ஒன்றும் செய்யாமல், இலட்சக்கணக்கான படங்களைக் கொடுத்துப் பயிற்றுவது. 2015இல் கூகுள் வெளியிட்ட ஃபேஸ்நெட் மும்மூன்று படங்களாக எடுத்துக் கற்றது: ஒரு படம், அதே ஆளின் இன்னொரு படம், வேறொருவரின் படம். முதல் இரண்டும் நெருங்க வேண்டும், மூன்றாவது விலக வேண்டும். சில வருடம் கழித்து வந்த ஆர்க்ஃபேஸ் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மையத் திசையை வைத்தது. ஒரு படத்தின் காவி அந்தத் திசையோடு ஆக்கும் கோணத்தில் பயிற்சியின்போது வேண்டுமென்றே ஒரு கூடுதல் கோணத்தைச் சேர்த்துப் பாடத்தைக் கடினமாக்கியது. அதனால் ஒரே ஆளின் படங்கள் இறுக்கமாகக் கூடின, வேறு ஆட்கள் நன்றாகப் பிரிந்தார்கள். பயிற்சித் தரவில் ஒருவரின் இருபது வயதுப் படமும் ஐம்பது வயதுப் படமும் இருந்தால், வயதைப் பொருட்படுத்தாமல் இருக்க வலையமைப்பு தானாகவே ஓரளவு பழகிவிடும்.

இரண்டாவது போக்குத்தான் எனக்குப் பிடித்தது. காவிக்குள் இருக்கும் வயதையும் ஆளையும் வேறு வேறாகப் பிரித்தெடுப்பது. ஒரே கீர்த்தனையை நாதஸ்வரக்காரர் எந்தச் சுருதியில் வாசித்தாலும் கேட்கிறவருக்கு அது எந்தக் கீர்த்தனை என்று தெரிகிறதே, அப்படிச் சுருதியை ஒதுக்கிவிட்டு மெட்டை மட்டும் பிடிக்கிற முயற்சி இது. 2013இல் வந்த மறைகாரணிப் பகுப்பாய்வு முறை ஒரு முகத்தை நான்கு பாகத்தின் கூட்டலாக எழுதியது: சராசரி முகம், ஆளுக்குரிய காரணி, வயதுக்குரிய காரணி, இரைச்சல். ஒப்பிடும்போது ஆளுக்குரிய காரணியை மட்டும் எடுத்துக்கொண்டது. 2016இல் இதே எண்ணத்தை ஆழ் வலையமைப்புக்குள் கொண்டுபோனார்கள். 2018இல் ஓர் அழகான உத்தி வந்தது: காவியின் நீளம் வயதைச் சொல்லட்டும், திசை ஆளைச் சொல்லட்டும். திசையை மட்டும் ஒப்பிட்டால் வயது கழன்றுவிடும்.

2019இல் எதிர்ப்போட்டி முறை வந்தது. ஆளையும் வயதையும் இரண்டு கூறாகப் பிரித்தபின், இவற்றுக்கிடையில் இன்னும் ஏதாவது தொடர்பு மிஞ்சியிருக்கிறதா என்று ஒரு சின்னப் பகுதி தேடிக்கொண்டே இருக்கும். அது ஒவ்வொரு முறை தொடர்பைக் கண்டுபிடிக்கும்போதும் முதன்மை வலையமைப்பு அந்தத் தொடர்பை அறுக்கக் கற்கும். இரண்டும் மாறி மாறி வளர, ஆளைச் சொல்லும் பகுதியில் வயதின் வாடை குறைந்துகொண்டு போகும்.

மூன்றாவது, ஒரு படத்தை இன்னொரு வயதுக்கு மாற்றி வரைந்துவிட்டு ஒப்பிடுவது. 2021இல் அடையாளங்காணலையும் வயது மாற்றி வரைதலையும் ஒரே வலையமைப்பில் சேர்த்துப் பயிற்றும் முறையும் வந்தது. ஆய்வாக இது சுவையானது. ஆனால் தேடலுக்கு வரைந்த படத்தை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மூலப் படத்தில் இல்லாத விவரத்தை இயந்திரம் தன் கற்பனையிலிருந்து போடுகிறது. இதைப் பற்றி ஒன்பதாம் கேள்வியில் சொல்கிறேன்.

5. எந்தப் படங்களை வைத்துப் பயிற்றுகிறார்கள்? எங்கள் முகங்கள் அதில் இருக்கின்றனவா?

நெடுங்காலம் பாவித்த எஃப்ஜி-நெட் தொகுதியில் 82 பேரின் 1,002 படங்கள்தான். ஆனால் அதில் குழந்தைப் பருவம் முதல் 69 வயது வரை இருக்கிறது. மோர்ஃப் என்பது அமெரிக்காவில் கைதானவர்களின் படங்கள், 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் 55 ஆயிரம் படங்கள். 2014இல் வந்த சிஏசிடி 2,000 பிரபலங்களின் 1,63,446 படங்கள். 2017இல் வந்த ஏஜ்டிபி 568 பேரின் 16,488 படங்கள்.

கைதானவர்கள், நடிகர்கள், அரசியல்வாதிகள், பெரும்பாலும் மேலைநாட்டவர். நடிகர்களின் முகத்தில் ஒப்பனையும் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் இருக்கும். வன்னியில் நெல் விதைத்தவரோ, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவரோ எப்படி முதுமையடைகிறார் என்பதை இவற்றில் பார்க்க முடியாது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஆளை மாற்றிப் பொருத்தும் பிழை கிழக்கு ஐரோப்பியரில் மிகக் குறைவாகவும், ஆபிரிக்கரிலும் கிழக்காசியரிலும் மிக அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. தெற்காசியரிலும் ஓரளவு கூடுதலாக இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிலும், நடுவயதினரைவிட முதியவர்களிலும் பிள்ளைகளிலும் அந்தப் பிழை கூடியது. எங்கள் ஊரில் தேடப்படுகிறவர்கள் யார் என்று யோசித்தால் இது சின்ன விஷயமில்லை.

6. எத்தனை வருட இடைவெளி வரை நம்பலாம்?

வருடத்தை மட்டும் கேட்டால் பதில் இல்லை. எந்த வயதிலிருந்து எந்த வயதுக்கு என்று கேட்க வேண்டும்.

முப்பதிலிருந்து நாற்பதுக்கு, இரண்டும் தெளிவான நேர்முகப் படம் என்றால், இன்றைய நல்ல மென்பொருள்கள் மிக நன்றாகச் செய்கின்றன. பத்து வருடத்துக்கு ஒரு கடவுச்சீட்டு என்ற வழக்கம் விமான நிலைய முக வாயில்களோடு ஒத்துப்போவது அதனால்தான். பிரிட்டனிலும் கனடாவிலும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கடவுச்சீட்டு 5 வருடம்தான் செல்லும். பிள்ளை முகம் வேகமாக மாறும் என்பதை அந்த விதி ஒத்துக்கொள்கிறது.

வளர்ந்தவர்களில் முப்பது வருட இடைவெளிக்கும் சோதனைகள் உண்டு. ஏஜ்டிபி தொகுதியில் முப்பது வருட இடைவெளி கொண்ட சோதனையில் ஆர்க்ஃபேஸ் போன்ற மாதிரிகள் ஏறத்தாழ 98 சதவீதம் எடுக்கின்றன. வயதைப் பொருட்படுத்தாத பழைய எல்எஃப்டபிள்யூ சோதனையில் அதே மாதிரி 99.8. இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தச் சோதனைகளில் இரண்டு படத்தைக் கொடுத்து "ஒரே ஆளா, இல்லையா" என்று மட்டும் கேட்கிறார்கள். பத்து இலட்சம் பேருக்குள் ஒருவரைத் தேடுவது வேறு வேலை.

மூன்று வயதிலிருந்து முப்பதுக்கு? அதை நம்பாதீர்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனில் ஜெயினின் குழு பிள்ளைகளின் முகங்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து எடுத்த படங்களில் ஆராய்ந்தபோது, சில வருட இடைவெளியிலேயே பொருத்தம் தெளிவாகச் சரிவதைக் கண்டது.

7. காணாமல் ஆக்கப்பட்ட என் மகனின் படம் இருக்கிறது. இதை வைத்துக் கணினியால் அவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிற அம்மாக்களை எல்லாருக்கும் தெரியும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டங்களில் அதே படங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள், இருப்பவர்கள். நேராகவே பதில் சொல்கிறேன்.

தேடுவதற்கு மறுபக்கத்தில் ஒரு படத் தொகுதி இருக்க வேண்டும். உங்கள் மகனின் இன்றைய படம் எங்கோ ஒரு பதிவில் இருந்தால்தான் பொருத்திப் பார்க்கலாம். தடுப்பில் வைக்கப்பட்டவர்களின் பதிவு, வைத்தியசாலைப் பதிவு, எல்லை கடந்தவர்களின் பதிவு என்று அரச கையில் இருப்பவற்றைத் திறக்க வேண்டியது அரசு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் உண்டு. அந்தக் கதவு திறக்காத வரைக்கும் எவ்வளவு நல்ல மென்பொருளும் வெறும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். "மென்பொருள் வந்துவிட்டது, இனிக் கண்டுபிடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பதிவோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

சரி, ஒரு தொகுதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். வட மாகாணத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் 10 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அவ்வளவு பேரின் படமும் இருக்கிறது, மென்பொருள் ஓர் இலட்சத்தில் ஒரு முறை மட்டும் ஆளை மாற்றிப் பொருத்தும் அளவுக்கு எல்லைப் பெறுமானத்தைக் கடுமையாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு தேடலுக்குப் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரும் அந்நியர். உங்கள் மகன் அந்தத் தொகுதியிலேயே இல்லாவிட்டாலும் பத்துப் பேர் வருவார்கள். எல்லையை இன்னும் கடுமையாக்கினால் அந்நியர் குறைவார்கள். ஆனால் முப்பது வருடம் மாறிய முகமும் அதோடு கழிந்துபோகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த மாதிரிகளில் வயதை முழுதாகக் கழற்ற முடிவதில்லை. ஒரே வயதில் எடுத்த முகங்கள் கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும். குடும்பச் சாயலும் பொருத்தத்தைக் கூட்டும். 1990இல் இருபது வயதில் எடுத்த ஒரு படத்தை இன்றைய தொகுதியில் தேடினால், ஐம்பதைத் தாண்டிய அதே ஆளைவிட, இன்று இருபது வயதில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் மேலே வரக்கூடும். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் மச்சான் முறைக்காரர்களும் வருவார்கள். அம்மா ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே பட்டியலை நேரடியாகக் குடும்பத்திடம் கொடுக்கவே கூடாது. பயிற்சி பெற்ற இருவராவது தனித்தனியே பார்த்து, காது வடிவம், மச்சம், தழும்பு, பல் வரிசை போன்றவற்றை ஒப்பிட்டு, வேறு ஆதாரமும் சேர்ந்த பிறகுதான் குடும்பத்திடம் போக வேண்டும். முடிவு சொல்ல வேண்டியது மரபணுப் பரிசோதனை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் மரபணு மாதிரிகளை முறைப்படி எடுத்துப் பாதுகாத்து வைப்பது, எந்த முக மென்பொருளையும்விட அவசரமான வேலை. அம்மாக்கள் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள்.

8. சீனாவில் 27 வருடத்துக்குப் பிறகு ஒருவரை இப்படிக் கண்டுபிடித்தார்களாமே?

உண்மை. 1990இல் ஆறு வயதில் கடத்தப்பட்ட ஒருவர் 2017இல் குடும்பத்தோடு சேர்ந்தார். பொருத்தியது பைடு நிறுவனத்தின் மென்பொருள். ஆனால் எதை எதோடு பொருத்தியது என்று பார்க்க வேண்டும். அவர் தன் பத்து வயதுப் படம் ஒன்றை, காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தன்னார்வத் தளம் ஒன்றில் போட்டிருந்தார். குடும்பம் அவருடைய நான்கு வயதுப் படத்தைப் போட்டது. இயந்திரம் தாண்டியது ஆறு வருடத்தை மட்டும்தான். பிறகு மரபணுப் பரிசோதனை உறுதி செய்தது. இரு பக்கமும் தேடினார்கள், இரு பக்கமும் அண்மித்த வயதுப் படங்கள் இருந்தன, அதனால் முடிந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2018இல் டெல்லி காவல்துறை இப்படியொரு மென்பொருளால் நான்கே நாளில் கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகளை அடையாளங்கண்டதாகச் செய்தி வந்தது. அதே வருடம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று சொல்லப்பட்டது. முதல் செய்திதான் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறது.

9. "இப்போது எப்படி இருப்பார்" என்று காட்டும் செயலிகளை நம்பலாமா?

வேண்டாம். அவை காட்டுவது பயிற்சித் தரவில் இருந்த ஆட்கள் சராசரியாக எப்படி முதுமையடைந்தார்களோ அந்த முதுமையை. உங்கள் மகன் மெலிந்தாரா, பல் இழந்தாரா, காயப்பட்டாரா என்று அதற்குத் தெரியாது. இப்படிச் செய்த படம் ஒன்றை அருகிலிருந்து பார்த்தபோது, கண்ணுக்குக் கீழே அழகான சுருக்கம் விழுந்திருந்தது, தலைமயிர் ஒழுங்காக நரைத்திருந்தது, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போன தழும்பு மட்டும் மறைந்திருந்தது. அந்தப் படத்தில் அடையாளம் காண உதவக்கூடிய ஒரே விஷயம் அதுதான்.

அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளுக்கான தேசிய மையம் நெடுங்காலமாக வயதேற்றிய படங்களைச் செய்கிறது. அதைச் செய்பவர்கள் ஓவியப் பயிற்சி பெற்ற கலைஞர்கள். அதே வயதில் பெற்றோரும் சகோதரங்களும் எப்படி இருந்தார்கள் என்ற படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் செய்கிறார்கள். பொதுமக்களின் நினைவைத் தூண்டத்தான் அந்தப் படம்.

10. மங்கிய படத்தைத் தெளிவாக்கும் செயலியில் போட்டுவிட்டுத் தேடலாமா?

கூடாது. தெளிவாகத் தெரியும் கண்ணும் இமையும் இயந்திரம் புதிதாக வரைந்தவை. வீட்டில் மாட்டி வைக்க என்றால் உங்கள் விருப்பம். மூலப் படத்தை மட்டும் தொடாமல் வையுங்கள்.

11. பொட்டு, திருநீறு, தாடி, மூக்குக்கண்ணாடி?

பொட்டும் திருநீறும் பெரிதாகப் பாதிப்பதில்லை. தாடி கொஞ்சம் பாதிக்கும். தடித்த சட்டக் கண்ணாடியும், கண்ணை மறைக்கும் ஒளித்தெறிப்பும் அதைவிடக் கூடப் பாதிக்கும். உருவொத்த இரட்டையர்களை இன்றைய மென்பொருள்கள் நம்பகமாகப் பிரிப்பதில்லை.

12. பழைய ஸ்ரூடியோப் படங்கள் இதற்கு உதவுமா?

உதவும், ஆனால் கவனம் வேண்டும். அந்தக் காலத்து ஸ்ரூடியோக்களில் நெகட்டிவ்விலேயே பென்சிலால் தொட்டுச் சுருக்கத்தையும் பள்ளத்தையும் சரிசெய்வார்கள். சாமத்தியவீட்டு அல்பத்தில் இருக்கும் பிள்ளையின் முகம் பவுடரும் வெளிச்சமுமாக இருக்கும். பழைய அடையாள அட்டையில் இருக்கும் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தில் முத்திரை கன்னத்தில் ஏறியிருக்கும், பிளாஸ்ரிக் உறை மஞ்சளாகியிருக்கும். அந்த முத்திரையின் வளைவைக் கணினி தாடைக் கோடு என்று எடுத்துக்கொண்டால் காவி முழுக்கத் திசைமாறும்.

கல்வெட்டில் (காலமானவரின் நினைவாக அச்சிடும் புத்தகத்தில்) அச்சான படங்களில் இன்னொரு சிக்கல். எழுபது வயதில் காலமானவருக்கு நாற்பது வயதுப் படத்தைப் போட்டிருப்பார்கள். புத்தகத்தில் இருக்கும் வருடத்தைப் பார்த்து "இது 70 வயது முகம்" என்று குறித்தால் பயிற்சித் தரவே பிழைத்துவிடும். நூலகம் நிறுவனம் போன்றவை இந்த மண்ணின் ஆவணங்களை எண்ணிமமாக்கி வைத்திருப்பது பெரிய செல்வம். ஆனால் அவற்றில் உள்ள முகங்களை யாருடைய அனுமதியும் இல்லாமல் பயிற்சித் தரவாக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

13. அடையாள அட்டைப் படம் பழையதாக இருந்தால் சிக்கல் வருமா?

பதினாறு வயதில் எடுத்த அட்டையை ஐம்பதிலும் வைத்திருப்பவர்கள் எங்களில் ஏராளம். வங்கியில் மனிதர் பார்த்து ஏற்றுக்கொள்வார். இயந்திரம் பார்க்கத் தொடங்கினால் அதே படம் சறுக்கும். இந்திய உதவியோடு திட்டமிடப்பட்டிருக்கும் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் முகம், கைரேகை, கருவிழி மூன்றையும் எடுக்கும் எண்ணத்தில் இருக்கிறது. மூன்றும் சேர்வதில் தொழில்நுட்பரீதியாக ஒரு நியாயம் உண்டு: முகம் மாறும், கருவிழியின் அமைப்பு மிகக் குறைவாகவே மாறும். புகைப்படம் பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். முகம் பொருந்தவில்லை என்பதற்காக ஓய்வூதியம் எடுக்க வந்த ஒரு முதியவரைத் திருப்பி அனுப்பாமல், மனிதர் பார்த்து முடிவு செய்யும் வழியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

14. காணாமற்போனவரைத் தேடித் தருவதாகச் சொல்லி ஒருவர் படம் கேட்கிறார். கொடுக்கலாமா?

யார், எங்கே சேமிப்பார், யாரோடு பகிர்வார், எப்போது அழிப்பார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் கொடுக்க வேண்டாம். காசு கேட்டால் கட்டாயம் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிரியளவைத் தரவை விசேட வகைக்குள் வைக்கிறது. முகத்திலிருந்து எடுத்த காவியும் அந்த வகைதான்.

தெரியாத வெளிநாட்டு இணையத்தளங்களில் முகத்தை ஏற்றித் தேடுவதும் ஆபத்து. நீங்கள் ஏற்றும் படம் அங்கேயே தங்கலாம். காணாமற்போனவர் உயிரோடு, வேறு பெயரில், யாருக்கோ பயந்து வாழ்கிறார் என்றால் அந்தத் தேடல் அவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். மகனைத் தேட உதவும் அதே மென்பொருளால், வீதியோரம் படத்தோடு இருக்கும் அம்மாவின் முகத்தையும் பதிவு செய்யலாம். போராட்டப் படங்களை இணையத்தில் போடுகிறவர்கள், பின்னால் நிற்கும் இளையவர்களின் முகங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

15. இறுதியாண்டுத் திட்டமாக இதைச் செய்யலாமா?

தாராளமாக. புதிய மாதிரியைப் பயிற்றப் பார்க்காதீர்கள், அதற்கு எங்களிடம் கணினி வலு போதாது. பயிற்றிய ஆர்க்ஃபேஸ் மாதிரி ஒன்றை எடுத்து, அது எங்கே சறுக்குகிறது என்று அளந்து காட்டுங்கள். அந்த வேலைக்கு மடிக்கணினி போதும், அதுதான் இங்கே தேவையும். விருப்பத்தோடு தரும் குடும்பங்களிடம் ஒருவருக்கு வெவ்வேறான ஐந்தாறு வயதுகளில் எடுத்த படங்களை எழுத்து அனுமதியோடு சேர்த்து, இடைவெளி கூடக் கூடப் பொருத்தம் எப்படி இறங்குகிறது என்று வரைபு கீறுங்கள். பத்து வயதுக்கு முந்திய படங்களைத் தனியாகப் பிரியுங்கள். அண்ணன் தம்பி, பெறாமக்கள் ஆகியோரின் படங்களையும் ஒப்பிட்டு, குடும்பச் சாயல் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று எண்ணில் காட்டுங்கள்.

எதையாவது பயிற்றினால் ஒரே ஆளின் படங்கள் பயிற்சித் தொகுதியிலும் சோதனைத் தொகுதியிலும் கலக்கக் கூடாது. படங்களைக் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரித்தால் கலந்துவிடும், துல்லியம் பொய்யாக உயரும். ஆட்களைப் பிரியுங்கள், படங்களை அல்ல. ஒரேயொரு துல்லிய எண்ணோடு அறிக்கையை முடிக்கவும் வேண்டாம். மாற்றிப் பொருத்தும் பிழை, தவறவிடும் பிழை இரண்டையும் ஆண், பெண், வயதுத் தொகுதி வாரியாகத் தாருங்கள்.

16. வீட்டில் இருக்கும் படங்களை எப்படிப் பாதுகாத்து வைப்பது?

ஒரே ஒரு "நல்ல" படத்தைத் தேர்ந்து வைக்காதீர்கள். அவருடைய எல்லாப் படங்களும் வேண்டும், எல்லா வயதிலும். வகுப்புப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பதும் வேண்டும். அப்பா, அம்மா, சகோதரங்களின் படங்களும் வேண்டும். தட்டையான ஸ்கேனரில் 600 டிபிஐயில், நிறத்தை மாற்றாமல், சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வர்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், கறைகள் பிரிந்து தெரியும். ஸ்கேனர் இல்லையென்றால் நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். எடுத்த வருடம், அப்போதைய வயது, எந்த ஊர், பக்கத்தில் நிற்பவர் யார், எந்தத் தழும்பு எப்போது வந்தது என்பதை அம்மம்மா, பெரியம்மாக்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும்.